பெல் தேற்றம் எதை மறுத்தது: மறைமாறிகளையா, வேறொன்றையா?

கேள்வி – முதுகலை மாணவி

வணக்கம். நான் முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துறைக் கருத்தரங்கில் ஜான் ஸ்டூவர்ட் பெல்லின் ஆய்வைப் பற்றிப் பேசுமாறு எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காகப் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு முரண்பாடு வழிமறித்துவிட்டது.

வகுப்பில் நாங்கள் கேட்டது இதுதான். ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் 1935இல் குவாண்டம் கோட்பாடு முழுமையானதன்று என்று வாதிட்டனர். துகளின் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பான அலைச்சார்பு சொல்லாமல் விடும் கூடுதல் விவரங்கள், அதாவது மறைமாறிகள், இருந்தாக வேண்டும் என்பது அந்த வாதம் இட்டுச் செல்லும் இடம். பெல் 1964இல் அப்படிப்பட்ட மறைமாறிகள் இருக்கவே முடியாது என்று நிறுவினார். ஐன்ஸ்டைன் தோற்றார், குவாண்டம் கோட்பாடு முழுமையானதே என்று வாதிட்ட நீல்ஸ் போர் வென்றார். ஆனால் பெல்லின் கட்டுரைகளையே எடுத்துப் படித்தபோது, டேவிட் போம் 1952இல் வெளியிட்ட மறைமாறிக் கோட்பாட்டை அவர் மிகுந்த மதிப்புடன் பேசுவதையும், அது ஏன் பாடநூல்களில் இடம்பெறவில்லை என்று ஆதங்கத்துடன் கேட்பதையும் கண்டேன். மறைமாறிகள் இல்லை என்று நிறுவியவரே ஒரு மறைமாறிக் கோட்பாட்டுக்காக வாதாடுவாரா?

இதனோடு இன்னொரு ஐயமும் சேர்ந்துகொண்டது. மறைமாறிகள் சாத்தியமில்லை என்பதை ஜான் வான் நாய்மன் 1932ஆம் ஆண்டிலேயே கணித முறைப்படி நிறுவிவிட்டார் என்றும் எங்கள் பாடநூல் சொல்கிறது. அப்படியானால் 32 ஆண்டுகள் கழித்து பெல் புதிதாக நிறுவுவதற்கு என்ன மிச்சமிருந்தது? தற்சுழற்சி அணிகளைக் கொண்ட கணக்குகளை என்னால் பின்தொடர முடியும். ஆகவே கணிதத்தைத் தவிர்க்காமல் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி – ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்

அன்புள்ள மாணவிக்கு, நீங்கள் கண்ட முரண்பாடு உண்மையானது. பிழை உங்களிடம் இல்லை, வகுப்பில் சொல்லப்பட்ட சுருக்கத்தில் இருக்கிறது. பெல் மறைமாறிகளை மறுக்கவில்லை. ஓரிடத்தில் ஒரு கருவியை எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பது, ஒளிகூடச் சென்று சேர நேரமில்லாத தொலைவில் நடக்கும் இன்னோர் அளவீட்டின் விளைவைப் பாதிக்காது என்று ஒரு கொள்கை உண்டு. வகுப்புகளில் லோக்காலிட்டி என்று சொல்லப்படும் அதை இங்கே இடவரம்பு என்று அழைக்கிறேன். குவாண்டம் கோட்பாட்டின் முன்கணிப்புகள் அனைத்தையும் தரக்கூடிய எந்தக் கோட்பாடும் இந்த இடவரம்பைக் கடைப்பிடிக்க முடியாது என்பதுதான் பெல் நிறுவியது.

உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனெனில் பெல்லும் அங்கிருந்துதான் தொடங்கினார். 1928இல் பெல்ஃபாஸ்டில் எளிய குடும்பத்தில் பிறந்து, அந்நகரின் குயின்ஸ் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் முதலில் ஆய்வக உதவியாளராகவும் பிறகு மாணவராகவும் இருந்தவர் அவர். அளவிடப்படும் பொருள், அளவிடும் கருவி ஆகிய இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்று பாடநூல்கள் சொல்லாமல் நழுவுவது அவரை மாணவப் பருவத்திலேயே உறுத்தியது. வான் நாய்மன்னின் நிறுவல் இருப்பதாக மாக்ஸ் பார்ன் எழுதிய நூலின் வழியே அறிந்து, முதலில் அதை நம்பிக்கொண்டும் இருந்தார். வான் நாய்மன்னின் நூல் அன்று ஜெர்மன் மொழியில் மட்டுமே கிடைத்தது. பெல்லுக்கு ஜெர்மன் படிக்க வராது. அந்நிலையில்தான் 1952இல் போமின் கட்டுரைகள் வந்தன. முடியாது என்று நிறுவப்பட்ட ஒன்று கண்ணெதிரே செய்துகாட்டப்பட்டிருந்தது. ஒரு நிறுவலும் அதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் ஒருங்கே இருக்க முடியாது. ஆகவே நிறுவலுக்குள் ஏதோ ஒரு தேவையற்ற எடுகோள் ஒளிந்திருக்க வேண்டும் என்று பெல் முடிவுசெய்தார்.

அந்த எடுகோளை நீங்கள் கரும்பலகையிலேயே காட்டிவிடலாம். குவாண்டம் கோட்பாட்டில் இரண்டு அளவுகளின் கூட்டலுக்குரிய சராசரி, அவற்றின் தனித்தனிச் சராசரிகளின் கூட்டலுக்குச் சமம். அவ்விரண்டையும் ஒரே வேளையில் அளக்க முடியாவிட்டாலும் இது பொருந்தும். மறைமாறிகள் மதிப்பை முழுமையாகத் தீர்மானித்துவிட்ட கற்பனை நிலைகளுக்கும் இதே கூட்டல் விதி பொருந்தியாக வேண்டும் என்று வான் நாய்மன் வைத்துக்கொண்டார். இப்போது எலக்ட்ரானின் தற்சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் திசையில் அளந்தால் விடை +1 அல்லது −1. ஒய் திசையிலும் அப்படியே. இரண்டு அணிகளையும் கூட்டினால் வரும் அணியின் ஐகென் மதிப்புகளோ, அதாவது அந்தக் கூட்டலை அளந்தால் கிடைக்கக்கூடிய விடைகளோ, +√2, −√2. மறைமாறி மதிப்புகளைத் தீர்மானித்துவிட்ட நிலையில் சராசரி என்பதும் அந்த ஒற்றை மதிப்பே என்பதால், +1ஐயும் −1ஐயும் எப்படிக் கூட்டினாலும் √2 கிடைக்க வேண்டும் என்று ஆகிறது. அது நடக்காது, ஆகவே மறைமாறிகள் இல்லை. வான் நாய்மன்னின் நிறுவல் சாராம்சத்தில் இவ்வளவுதான்.

பெல் எழுப்பிய கேள்வி மிக எளியது. அந்தக் கூட்டலை அளப்பதற்கு எக்ஸ் அளவீட்டின் விடையையும் ஒய் அளவீட்டின் விடையையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. தற்சுழற்சியை அளக்கும் ஸ்டெர்ன்–கெர்லாக் காந்தத்தை இரண்டுக்கும் நடுவே 45 பாகையில் திருப்பி, மூன்றாவதாக ஒரு தனிச் சோதனையைச் செய்கிறோம். அந்தச் சோதனையின் விடை மற்ற இரண்டு சோதனைகளின் விடைகளுடைய கூட்டலாக ஒவ்வொரு முறையும் அமைய வேண்டும் என்பதற்குக் காரணமே இல்லை. சராசரியில் அது அமைவது குவாண்டம் நிலைகளுக்கு உரிய சிறப்பு. தனித்தனி நிகழ்வின் மீது சுமத்தக்க நிபந்தனையன்று. இதைச் சொன்னதோடு நில்லாமல், ஒற்றைத் தற்சுழற்சிக்கான குவாண்டம் முன்கணிப்புகளை எல்லாம் தரும் ஒரு மறைமாறி மாதிரியையும் பெல் தாமே அமைத்துக் காட்டினார். ஏறத்தாழ இதே குறையை ஜெர்மனியைச் சேர்ந்த கிரேட்டே ஹெர்மன் என்ற பெண்மணி 1935ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியிருந்தார். அவர் எழுதியதை ஏறக்குறைய யாரும் பொருட்படுத்தவில்லை. உங்கள் கருத்தரங்கில் அவருடைய பெயரை விட்டுவிடாதீர்கள்.

ஆக, மறைமாறிகளுக்கு எதிரான சுவர் இடிந்தது. ஆனால் பெல்லின் கண் போமின் கோட்பாட்டிலிருந்த வேறொரு கூற்றின் மீது விழுந்தது. அதில் ஒவ்வொரு துகளுக்கும் எப்போதும் திட்டவட்டமான இருப்பிடம் உண்டு. அலைச்சார்பு அதை வழிநடத்துகிறது. பிணைந்த நிலையில் உள்ள, அதாவது ஒரே அலைச்சார்பைப் பிரிக்க முடியாதபடி பகிர்ந்துகொள்ளும், இரண்டு துகள்களில் ஒன்றன் அருகே ஒரு காந்தத்தைத் திருப்பினால், எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மற்றதன் பாதை அக்கணமே மாறுகிறது. இது போமின் கட்டமைப்பில் உள்ள குறையா, அல்லது குவாண்டம் முன்கணிப்புகளைத் தரும் எந்த மறைமாறிக் கோட்பாடும் தப்ப முடியாத ஒன்றா? 1960 முதல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் துகள் இயற்பியலும் முடுக்கி வடிவமைப்புமே தொழிலாக இருந்த பெல்லுக்கு, 1963–64இல் அமெரிக்காவில் கழித்த விடுப்பு ஆண்டுதான் இந்தக் கேள்வியில் மூழ்க இடம் தந்தது. வான் நாய்மன்னைப் பற்றிய கட்டுரையை அவர் முதலில் எழுதி முடித்தார். இதழுடனான கடிதப் போக்குவரத்தில் நேர்ந்த தவறால் அது 1966இல்தான் அச்சேறியது; அதன் முடிவில் அவர் எழுப்பியிருந்த கேள்விக்கான விடை அதற்குள் 1964இலேயே, குறுகிய காலமே வெளிவந்து நின்றுபோன ஓர் இதழில் ஆறு பக்கக் கட்டுரையாக வெளியாகியிருந்தது. கேள்வியைப் பின்னாலும் விடையை முன்னாலும் வைத்த இந்த அச்சு வரிசையும் பலருடைய தவறான புரிதலுக்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

மறுமொழி – ஒளியியல் ஆய்வகப் பணியாளர்

ஆசிரியர் ஐயா வரலாற்றுப் பாதையைத் தெளிவாகக் காட்டிவிட்டார். 1964ஆம் ஆண்டின் வாதத்தை நான் ஒளித்துகள்களான ஃபோட்டான்களைக் கொண்டு சொல்கிறேன், ஏனெனில் பள்ளியில் படித்த மாலஸ் விதியே இதற்குப் போதும். இது பெல் எழுதிய அதே வடிவமன்று. அதன் எளிய உறவினம்.

ஒரு மூலத்திலிருந்து இரண்டு ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றன. இரு பக்கமும் தளவிளைவு ஆய்விகள், அதாவது ஒளியின் அதிர்வுத் திசையைப் பொறுத்து ஃபோட்டானைக் கடக்கவிடும் அல்லது தடுக்கும் கருவிகள், உள்ளன. பிணைந்த நிலையைத் தக்கபடி தயாரித்தால், இரு ஆய்விகளும் ஒரே கோணத்தில் இருக்கும்போது இரு விடைகளும் எப்போதும் ஒத்துப்போகும்: இரண்டும் கடந்து செல்லும், அல்லது இரண்டும் தடுக்கப்படும். கோணங்களுக்கிடையே வேறுபாடு இருந்தால், விடைகள் மாறுபடும் நிகழ்தகவு அந்த வேறுபாட்டின் சைன் வர்க்கம் என்று குவாண்டம் கோட்பாடு சொல்கிறது. 30 பாகைக்கு அது நான்கில் ஒன்று. 60 பாகைக்கு நான்கில் மூன்று.

இப்போது இடவரம்பை ஏற்றுக்கொள்வோம். தொலைவில் இருக்கும் ஆய்வியின் கோணம் இந்தப் பக்கத்து ஃபோட்டானைத் தொடாது என்றால், ஒரே கோணத்தில் தவறாமல் ஒத்துப்போவதற்கு ஒரே வழிதான் உண்டு: ஒவ்வொரு கோணத்துக்கும் என்ன விடை சொல்வது என்ற ஒரே பட்டியலை இரு ஃபோட்டான்களும் புறப்படும்போதே சுமந்து வந்திருக்க வேண்டும். 0, 30, 60 ஆகிய மூன்று கோணங்களை மட்டும் பாருங்கள். நூறு இணைகளில் 0க்கும் 30க்கும் உரிய விடைகள் 25 பட்டியல்களில் வேறுபடுகின்றன. 30க்கும் 60க்கும் உரியவையும் 25 பட்டியல்களில் வேறுபடுகின்றன. ஒரு பட்டியலில் 0க்கும் 60க்கும் உரிய விடைகள் வேறுபட்டால், நடுவில் உள்ள 30ஐக் கடக்கும்போது ஏதாவது ஓர் இடத்தில் விடை மாறியே ஆக வேண்டும். ஆகவே 0க்கும் 60க்கும் இடையிலான மாறுபாடு 50ஐத் தாண்ட முடியாது. குவாண்டம் கோட்பாடு சொல்வதோ 75. இந்த 50க்கும் 75க்கும் இடையிலான இடைவெளிதான் பெல் தேற்றம். பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது, அதை எந்த விதி எழுதியது என்று நாம் எங்கும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணிப் பார்ப்பது மட்டுமே நடந்திருக்கிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆய்வகத்தில் எந்த இரண்டு விடைகளும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போவதில்லை. அதனால் கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகிய நால்வரும் 1969இல் அந்த நிபந்தனை தேவைப்படாத அசமன்பாடு ஒன்றை அமைத்தனர். இரு பக்கமும் இரண்டிரண்டு கோணங்களை வைத்து அளந்த ஒட்டுறவுகளை, அதாவது இரு பக்கத்து விடைகளும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்களை, சேர்த்தால் கிடைக்கும் எண், இடவரம்பு உண்மையானால் 2ஐத் தாண்டாது. குவாண்டம் கோட்பாடு 2√2, அதாவது ஏறத்தாழ 2.83 வரை அனுமதிக்கிறது. பெர்க்லியில் ஃப்ரீட்மனும் கிளாசரும் கால்சியம் அணுக்கள் உமிழும் ஃபோட்டான் இணைகளைக் கொண்டு 1972இல் செய்த சோதனையில் முதன்முறையாக எல்லை மீறப்பட்டது. கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக அடுக்கிச் செய்த ஆய்விகள் அவை. ஆனால் கோணங்கள் நிலையாக இருந்ததால், ஒரு பக்கத்துச் செய்தி மறுபக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று வாதிட இடமிருந்தது. 1982இல் பாரிஸுக்கு அருகே ஒர்சேயில் அலன் அஸ்பேயின் குழு, ஃபோட்டான்கள் வந்துகொண்டிருக்கும்போதே, 12 மீட்டர் இடைவெளியில், 10 நானோ நொடிக்கு ஒருமுறை அவற்றின் பாதையை மாற்றி வேறு கோணத்தில் உள்ள ஆய்விக்கு அனுப்பியது. ஒளி அந்தத் தொலைவைக் கடக்க 40 நானோ நொடி வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்த யோசனையுடன் செர்னுக்கு வந்த அஸ்பேயிடம் பெல் முதலில் கேட்டது, நிலையான வேலை இருக்கிறதா என்பதுதான். கோட்பாட்டின் அடித்தளத்தில் கைவைப்பது அந்நாளில் ஓர் இளைஞரின் வாழ்க்கைத் தொழிலையே கெடுத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கருவிகள் பெரும்பாலான ஃபோட்டான்களைத் தவறவிடுகின்றன, பிடிபட்டவை மட்டும் தனிக்குணம் கொண்டவையாக இருக்கலாம் என்ற ஐயமும் இருந்தது. 2015இல் டெல்ஃப்ட் நகரில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைக்கப்பட்ட இரு வைரங்களில் உள்ள எலக்ட்ரான்களைப் பிணைத்து, 245 முயற்சிகளில் 2.42 என்ற மதிப்பைப் பெற்றபோது இரண்டு ஓட்டைகளும் ஒருங்கே அடைபட்டன. வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஃபோட்டான்களைக் கொண்டு அதே ஆண்டில் வெளிவந்த சோதனைகள் புள்ளியியல் நோக்கில் இன்னும் வலுவானவை. அஸ்பே, கிளாசர், வியன்னா குழுவின் தலைவர் சைலிங்கர் ஆகியோருக்கு 2022இல் நோபெல் பரிசு கிடைத்தது. பெல் 1990 அக்டோபரிலேயே மறைந்துவிட்டார்.

மாணவியின் தொடர் கேள்வி

இருவருக்கும் என் நன்றி. 0, 30, 60 கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன், இனி மறக்காது. ஆனால் இரண்டு இடங்களில் இன்னும் தடுமாறுகிறேன். தொலைவில் இருப்பது அக்கணமே பாதிக்கப்படுகிறது என்றால், அதைக் கொண்டு செய்தி அனுப்பலாமே? மேலும், பல நூல்கள் பெல் வீழ்த்தியது இடவரம்பும் யதார்த்தவாதமும் (அளப்பதற்கு முன்பே விடைகள் இருக்கின்றன என்ற கருத்து) சேர்ந்த ஒன்று என்றும், யதார்த்தவாதத்தைக் கைவிட்டால் இடவரம்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதுகின்றன. ஐயா சொன்னதோடு இது பொருந்தவில்லையே?

மறுமொழி – ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்

செய்தி அனுப்ப முடியாது. உங்கள் பக்கத்து விடைகளை மட்டும் பார்த்தால், மறுபக்கத்துக் கோணம் எதுவாக இருந்தாலும் பாதிக்குப் பாதி என்ற சீரற்ற வரிசைதான் கிடைக்கும். இரு பக்கத்துக் குறிப்பேடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும்போதுதான் ஒட்டுறவு தெரியவரும். அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுசெல்ல ஒளியின் வேகத்தை மீறாத வழியே வேண்டும். சார்பியலின் கணிப்புகள் எதுவும் இதனால் பொய்க்கவில்லை. ஆயினும் இந்த ஒட்டுறவுகளுக்கும் சார்பியலின் உட்பொருளுக்கும் இடையே ஓர் இழுபறி இருக்கிறது என்று பெல் இறுதிவரை கவலைப்பட்டார். அந்தக் கவலையை நானும் பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டாவது கேள்வியில் நான் சற்று அழுத்தமாகவே பேச வேண்டியிருக்கிறது. மேலே நண்பர் காட்டிய வாதத்தை மறுபடியும் பாருங்கள். ஃபோட்டான்கள் முன்பே எழுதப்பட்ட விடைகளைச் சுமந்து வருகின்றன என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இடவரம்பிலிருந்தும், ஒரே கோணத்தில் கிடைக்கும் முழு ஒத்திசைவிலிருந்தும் அந்தப் பட்டியலை வருவித்தார். அந்த முதற்படி 1935ஆம் ஆண்டின் மூவர் கட்டுரையிலிருந்து வருவது. பெல்லின் 1964ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதிலிருந்தே தொடங்குகிறது. பட்டியலைக் கைவிட வேண்டுமானால் அதைப் பெற்றுத் தந்த இடவரம்பைத்தான் கைவிட வேண்டும். பட்டியலை மட்டும் தனியே தூக்கியெறிந்து இடவரம்பைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. தம் கட்டுரை தீர்மானவாத மறைமாறிகளை எடுகோளாகக் கொண்டு தொடங்குவதாகவே உரையாசிரியர்கள் ஏறத்தாழ எல்லாரும் எழுதுகிறார்கள் என்று பெல் 1981இல் ஓர் அடிக்குறிப்பில் வருந்தியிருக்கிறார். அவர் எழுதியதைப் படித்தவர்களைவிட அவரைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்தவர்களே மிகுதி என்பதால் அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

மறுமொழி – கணிதத் துறை ஆய்வு மாணவர்

ஆசிரியர் கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனால் வேறு இரண்டு எடுகோள்களையும் வெளிப்படையாகச் சொல்லாமல் விடுவது முறையாகாது. ஒன்று, ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரே ஒரு விடைதான் கிடைக்கிறது என்பது. எல்லா விடைகளும் வெவ்வேறு கிளைகளில் நிகழ்கின்றன என்னும் எவரெட்டின் பல உலக விளக்கத்தை ஏற்பவர்கள் இதை ஏற்பதில்லை. அவர்களிடம் பெல்லின் வாதம் அதே வடிவில் செல்லாது. மற்றொன்று, ஆய்விகளின் கோணத் தேர்வு ஃபோட்டான்கள் சுமந்துவரும் பட்டியலோடு தொடர்பற்றது என்பது. ஷிமோனி, ஹார்ன், கிளாசர் ஆகியோர் 1976இல் இதை வலியுறுத்தியபோது, இது தேவையான எடுகோள்தான் என்று பெல்லும் ஒத்துக்கொண்டார். ஆனால் இரண்டும் முன்கூட்டியே பேசிவைத்தாற்போல் இசைந்திருக்கும் ஓர் உலகத்தை அவரால் நம்ப முடியவில்லை. சைலிங்கரின் குழுவும் அதன் கூட்டாளிகளும் 2017இல் தொலைதூர விண்மீன்களின் ஒளியையும், 2018இல் மிகத் தொலைவில் ஒளிரும் விண்மீன்மண்டல மையங்களான குவேசார்களின் ஒளியையும் கொண்டு கோணங்களைத் தேர்ந்தெடுத்தனர். அந்தக் குவேசார்களுள் அருகில் இருந்ததன் ஒளியே 780 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அப்போதும் அசமன்பாடு மீறப்பட்டது. அப்படி ஓர் இசைவு இருக்குமானால், அது அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பட்டிருக்க வேண்டும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்

இந்தத் திருத்தம் சரியானது. ஒற்றை விடை என்ற எடுகோளை நான் சொல்லியிருக்க வேண்டும். பல உலக விளக்கம் எனக்கு உடன்பாடன்று, ஆனால் அது தனி விவாதம்.

மாணவியின் பதில்

எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 40 நிமிடம். முதல் 15 நிமிடத்தை எக்ஸ், ஒய் திசைகளின் கூட்டலுக்கும் கிரேட்டே ஹெர்மனுக்கும் கொடுக்கப்போகிறேன்; அடுத்து மூன்று கோணங்களின் கணக்கைக் கரும்பலகையில் போடுவேன். சோதனைகளில் 1972, 1982, 2015 ஆகியவற்றை மட்டும் சொல்லிவிட்டு, கடைசியில் எடுகோள்கள் மூன்றையும் பலகையில் எழுதி, எதைக் கைவிடுவீர்கள் என்று வகுப்பைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். 1964ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்று மாலை முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்குகிறேன்.